எட்டுச் சிவப்பு மூக்கன்

அம்மா இருபத்தாறு வருஷம் வண்ண மீன் கடையில் வேலை பார்த்தாள். அந்த வேலைக்கு அவளுக்கு மூன்று சொற்கள் போதுமானதாக இருந்தன: சேரும், சேராது, கெடக்கும்.

முதல் இரண்டும் எல்லோருக்கும் புரியும். என் தொட்டியில் இந்த மீன் இருக்கிறது, அதோடு அந்த மீன் சேருமா சேராதா என்பதுதான் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வி. மூன்றாவது சொல்லை யாரும் சரியாகக் காதில் வாங்கவில்லை. நானும்தான். அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து பள்ளிப் பாடம் எழுதி வளர்ந்தவள் நான். எனக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா விபத்தில் போனபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அம்மா தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். முப்பத்திரண்டு தொட்டிகள், மூன்று அடுக்குகளாக. காற்று மோட்டார்கள் நாள் முழுக்க முனகும். தரை எப்போதும் ஈரம். அம்மாவின் இடது கை முழங்கை வரை நனைந்தே இருக்கும். வீட்டில் சாதம் பிசையும்போதும் அந்தக் கையை உதறிவிட்டுத்தான் உட்காருவாள், காய்ந்திருந்தாலும். இரண்டே வருஷத்தில் முதலாளி அவளைக் கழுவுகிற இடத்திலிருந்து விற்கிற இடத்துக்கு மாற்றினார். அவள் விற்ற மீன் செத்துப்போய்த் திரும்பி வருவதில்லை என்பது காரணம். அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருஷம் அவர் அதை நினைத்து வருத்தப்பட்டார்.

தெருவில் அவளுக்கு ‘சேராதக்கா’ என்று பெயர். சும்மா வந்துவிடவில்லை அந்தப் பெயர். ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். நான் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன், கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர், கூட மனைவி.

“கலர் கலரா வேணும். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு குடுங்க.”

“தொட்டி எவ்ளோ பெருசு?”

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“கைய விரிச்சா உங்க கை நீளம்தான் தெரியும். எத்தனை லிட்டர்?”

“அம்பது இருக்கும்.”

“இப்ப உள்ள யாரு இருக்கா?”

“ஒரு ஃபைட்டர். நீலம். வால் சும்மா தோகை மாதிரி இருக்கும்.”

“இப்ப கை காட்டினீங்களே, கோடு போட்ட டைகர் பார்ப்பு, அது நாளைக்கே அந்தத் தோகைய கந்தலாக்கிடும். சேராது.”

“சரி, அத விடுங்க. நாலு நியானும் ரெண்டு ஏஞ்சலும் குடுங்க.”

“பேருதான் ஏஞ்சல். வாய்க்குள்ள போற சைஸ்ல எது வந்தாலும் அதுக்கு டிபன். நியானோட சேராது.”

“அப்ப கோல்டு ஃபிஷ்.”

“அதுக்குத் தண்ணி குளிர்ச்சியா இருக்கணும். ஃபைட்டருக்கு சூடா இருக்கணும். ஒருத்தர் ஃபேன் போடுன்னுவாரு, ஒருத்தர் போர்வை குடுன்னுவாரு. சேராது.”

அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “என்னங்க, இவங்க எதக் கேட்டாலும் சேராதுங்கறாங்க. நம்ம ரெண்டு பேராவது சேருவமான்னு கேட்டுச் சொல்லுங்க.”

அம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். “கெடக்கும்” என்றாள்.

கடை முழுக்கச் சிரித்தது. பக்கத்துக் கடையிலிருந்து தையல்காரி எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டு, அவளும் சிரித்தாள். கணவரும் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தச் சொல் புரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கெடக்கும் என்றால் சண்டை வராது. கடி வராது. உடனே சாகவும் சாகாது. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருக்கும், அவ்வளவுதான். கூட்டமாக வாழ்கிற மீனை ஒற்றையாகக் கேட்டு வருகிறவர்களிடம்தான் அம்மா அதை அதிகம் சொல்வாள். “ஆறுக்குக் கொறஞ்சு தர மாட்டேன்” என்பாள். “ஒண்ணு போட்டா என்ன, செத்தா போயிடும்?” என்று கேட்பார்கள். “சாகாது. கெடக்கும்.” உடனே அவர்கள் முகம் மலரும். “கெடக்குமில்ல? அப்ப ஒண்ணு போதும், குடுங்க.” அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னது அவர்களுக்கு ‘ஆகட்டும்’ என்று கேட்டது. அவள் வலையைக் கீழே வைத்துவிடுவாள்.

உள்ளேயிருந்து முதலாளி கத்துவார். “நீ விக்க வந்தியா, விரட்ட வந்தியா?”

“நீங்க கடையில விக்கறதப் பாக்கறீங்க மொதலாளி. நான் அவங்க வீட்ல அது எப்படி இருக்கும்னு பாக்கறேன்.”

“அவங்க வீட்டுக்கு நீ என்னத்துக்குப் போற? இங்கயே இரு!”

அம்மாவுக்குப் பிடித்தது ஒரே மீன். விரல் நீளம்கூட இருக்காது. உடம்பு வெள்ளி, வாலில் கறுப்பு வெள்ளைக் கோடு, மூக்கு மட்டும் குங்குமச் சிவப்பு. ரம்மி நோஸ் என்று பெட்டியில் எழுதி வரும். அம்மா சிவப்பு மூக்கன் என்பாள். கூட்டமாக விட்டால் ஒரே உடம்பு போலத் திரும்பும். தண்ணீரில் ஏதாவது சரியில்லை என்றால், அல்லது பயந்திருந்தால், மூக்கு வெளுத்துவிடும். காலையில் கடை திறந்ததும் அந்தத் தொட்டியைத்தான் முதலில் பார்ப்பாள். நான் பிறகு குடிநீர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இருபது வகைக் கருவிகளைக் கையாண்டிருக்கிறேன். எனக்கு அறிமுகமான முதல் கருவி அந்த மூக்குதான்.

அறுபத்தேழாவது வயதில், கடையின் ஈரத் தரையில் அம்மா வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு. அறுவை செய்து தகடு வைத்தார்கள்.

அவள் குடியிருந்தது தையல் கடைக்கு மேலே, இரண்டு அறை. பதினான்கு படி, ஒவ்வொன்றும் இருபத்தொரு சென்டிமீட்டர் உயரம். அங்கே திரும்ப முடியாது. மருத்துவமனையிலிருந்து நேராக என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். ஐந்தாவது மாடி, லிஃப்ட் உண்டு. அவள் வருவதற்கு முன்பே ஒரு பட்டியல் போட்டு எல்லாம் செய்திருந்தேன். குளியலறையில் இரண்டு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, உயரமான கழிப்பறை இருக்கை, படுக்கைக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் சுவிட்ச். ஜன்னல் உள்ள அறை அவளுக்கு. எல்லாவற்றுக்கும் எதிரே சரிக்குறி போட்டேன்.

வீட்டில் நாங்கள் இருவர்தான், நானும் என் கணவரும். காலை எட்டுக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவோம். பகலில் ஒரு பெண் வந்து சமைத்து, அம்மாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் பன்னிரண்டுக்குப் போய்விடுவாள். என் கணவர் நல்லவர். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் குற்றம் சொல்ல எனக்கு இன்னொருவர் தேவைப்படுகிறார், அவர் கிடைக்கவில்லை. அவர் கூடத்துக்குள் நுழைந்தால் அம்மா நீட்டியிருந்த காலை மடக்கிக்கொள்வாள். மடக்கக் கூடாத கால்.

“அத்தை, கால நீட்டிக்கங்க. நான் என்ன வெளியாளா?”

“பரவால்ல மாப்பிள்ளை. மரத்துப்போச்சு, அதான் மடக்கினேன்.”

அவர் போனதும் நீட்டுவாள். டிவியில் அவர் பார்ப்பதையே பார்ப்பாள். நாங்கள் சிரித்தால் சிரிப்பாள். பதினைந்து மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் வந்ததில்லை. பேச்சு உயர்ந்ததில்லை. என்னைக் கேட்டால், எல்லாம் சேர்ந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான்காவது மாதம் அவள் வாக்கர் பிடித்து நன்றாக நடந்தாள். அந்த வாரம் தையல்காரி பார்க்க வந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்க, கடையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தெருவில் நடந்த எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் கொட்டினாள். சாவிக் கடைக்காரர் தன் வீட்டுச் சாவியையே தொலைத்துவிட்டுப் பூட்டை உடைத்தது, எதிரே ஜெராக்ஸ் கடைக்காரி யாருடைய கல்யாண ஜாதகத்தையோ தலைகீழாக நகலெடுத்துக் கொடுத்தது, முதலாளி தானே மீன் விற்கப்போய் ஏஞ்சலையும் நியானையும் ஒரே பையில் போட்டு அனுப்பியது.

“ஒரே பையிலயா!” அம்மா எழுந்தே விட்டாள். “வீடு போய்ச் சேரும்போது ஏஞ்சல் மட்டும் இருந்திருக்குமே!”

“ஆமா. அந்தாளு வந்து, ‘நீங்க அஞ்சு மீன் தந்தீங்க, பையில ஒண்ணுதான் இருக்கு, பாதி வழியில எறங்கிடுச்சா’ன்னு கேக்கறான்.”

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் அதுவரை அந்த நான்கு மாதத்தில் கேட்டிருக்கவில்லை. அன்று கேட்டேன். குறித்துக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது தையல்காரி சொன்னாள்: “அக்கா, என் கடைக்குப் பின்னாடி அறை காலியாயிடுச்சு. கீழ்த்தளம். படியே கெடையாது. வந்துடேன். காலைல நாலு அடி வச்சா மீன் கடை. மொதலாளி உனக்குக் கல்லாகிட்ட சேர் போட்டுத் தரேன்னு சொல்றாரு. உக்காந்துகிட்டே விரட்டலாம்.”

 அம்மா என்னைப் பார்த்தாள். வேண்டும் என்று வாய் திறந்து சொல்லியிருந்தால்கூட அவ்வளவு தெளிவாக இருந்திருக்காது.

சனிக்கிழமை நான் போய் அறையைப் பார்த்தேன். அளவு நாடாவோடு போனேன். அறை பரவாயில்லை, வெளிச்சம் உண்டு. குளியலறைக் கதவின் உள் அகலம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அம்மாவின் வாக்கர் அறுபத்தொன்று.

“நுழையாது” என்றேன்.

“கதவக் கழட்டிட்டு ஒரு திரை போட்டா போச்சு பாப்பா” என்றாள் தையல்காரி. “நான் தையக்காரி, ஒரு திரை தைக்க மாட்டேனா?”

கதவைக் கழற்றினால் நான்கு சென்டிமீட்டர் கிடைக்கும். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன்: கடையில் தரை ஈரம், திடீரென்று ஒன்று என்றால் யார் பார்ப்பது, டாக்டர் தூரம். முதலாளியும் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாவிக் கடைக்காரரும் வந்தார். “நாங்கல்லாம் என்ன போட்டோவுல இருக்கறவங்களா? நாங்க பாக்க மாட்டமா?” என்றார். நான் தலையாட்டினேன்.

உண்மைக் காரணத்தை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது மாடியில் மூன்று அறை வீடு வைத்துக்கொண்டு, பெற்றவளைத் தையல் கடைப் பின்கட்டில் போட்டுவிட்டாள் என்று என் அலுவலகத்தில் சொல்வார்கள். கணவர் வீட்டில் சொல்வார்கள். ஐம்பத்தெட்டு என்கிற எண் எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். “வாக்கர் நுழையாதும்மா.”

“நான் பக்கவாட்டுல போயிடுவேன்டி. நண்டு மாதிரி.”

“வெளயாடாதம்மா.”

“சரி” என்றாள்.

அதன் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

எனக்கு உறுத்தியது. உறுத்தலைச் சரிசெய்ய ஒரு பொருள் வாங்கினேன். அறுபது லிட்டர் கண்ணாடித் தொட்டி, வடிகட்டி, சூடாக்கி, விளக்கு எல்லாம் சேர்த்து. கூடத்தில் அவள் உட்காரும் நாற்காலிக்கு எதிரே வைத்தேன். “எதுக்குடி இதெல்லாம்” என்றாள். ஆனால் அன்றைக்கே மணலைக் கழுவினாள், உட்கார்ந்தபடியே, ஒன்பது தடவை. இடது கை மறுபடியும் முழங்கை வரை நனைந்தது.

மீன் வாங்க விடவில்லை. தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தை வெறும் தண்ணீரில் போட்டாள். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் வளர வேண்டும். எனக்கு அதன் வேதியியல் தெரியும். அவளுக்கு அதன் நாட்கள் தெரியும்.

“கண்ணுக்குத் தெரியாத மீனுக்குச் சாப்பாடா அத்தை?” என்றார் என் கணவர்.

“ஆமா மாப்பிள்ளை. வர்றவங்களுக்கு முன்னாடி வீட்ட வாழற மாதிரி பண்ணி வைக்கணுமில்ல.”

ஐந்தாவது வாரம் நான் கேட்டேன். “என்ன மீன் வேணும் சொல்லு, வாங்கிட்டு வரேன்.”

“சிவப்பு மூக்கன். எட்டு.”

“வேற?”

“வேற வேணாம். இது சின்னத் தொட்டி. ஒரே வகை, எட்டு. போதும்.”

எட்டு மீனும் ஒரே மாதிரி இருந்தால் நாள் முழுக்கப் பார்க்க அலுத்துப்போகும் என்று நினைத்தேன். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பெரிய கடை ஒன்று இருந்தது. கைப்பேசியில் பொருத்த அட்டவணை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். இடது பக்கம் மீன் பெயர், மேலே மீன் பெயர், சந்திக்கிற கட்டத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. கார அமில அளவு, வெப்பநிலை, உடல் நீளம், சுபாவம் எல்லாம் பார்த்தேன். எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும்படி தேர்ந்தெடுத்தேன். சிவப்பு மூக்கன் இரண்டு. நியான் இரண்டு. உடம்பில் முக்கோணக் கறுப்பு மச்சம் கொண்ட ஹார்லெகுவின் இரண்டு. தரையை மேயும் கோரி இரண்டு. எட்டு என்றாள், எட்டுதான் வாங்கினேன்.

அம்மா பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“ரெண்டு ரெண்டா வாங்கியிருக்க.”

“எல்லாம் பச்சைம்மா. ஒண்ணோட ஒண்ணு சண்டையே போடாது. பாத்துத்தான் வாங்கினேன்.”

“சண்டை போடாது.”

“அப்ப சேரும்ல?”

பைகளைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டாள். பிறகு சொன்னாள்: “கெடக்கும்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இஸ்திரிச் சட்டைக்காரருக்கு இருந்தது போல, ஒற்றை நியான் வாங்கப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இருந்தது போல.

அப்போதுகூட, “இன்னும் ஆறு மூக்கன் வாங்கிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன். “எடம் பத்தாது. வந்துட்டதுங்கள எங்க அனுப்பறது? இருக்கட்டும்” என்றாள்.

அந்த மீன்கள் சண்டை போடவில்லை. நியான் இரண்டும் செடிக்குப் பின்னால் நின்றன. ஹார்லெகுவின்கள் விளக்கு அணைத்த பிறகு வெளியே வந்தன. சிவப்பு மூக்கன் இரண்டும் வடிகட்டிக் குழாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவே இருந்த விரலளவு இடத்தில் போய் நின்றன. அங்கேயே நின்றன. அம்மா தினமும் அளந்து தீவனம் போட்டாள், வாரம் ஒரு முறை கால்வாசித் தண்ணீர் மாற்றினாள், ஒரு குறை வைக்கவில்லை. முதல் மாதத்திலேயே மூக்குகள் வெளுத்துவிட்டன.

நான் ஆய்வகத்திலிருந்து சோதனைப் பெட்டி கொண்டுவந்தேன். அம்மோனியா பூஜ்யம். நைட்ரைட் பூஜ்யம். நைட்ரேட் பத்து. கார அமில அளவு ஆறு புள்ளி எட்டு. வெப்பம் இருபத்தாறு. எங்கள் ஊர்க் குடிநீரே அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

“தண்ணியில ஒண்ணும் கொறையில்லம்மா.”

“தண்ணிய யாருடி கொறை சொன்னா?”

 நான் சோதனைப் பெட்டியைக் கழுவி எடுத்து வைத்துவிட்டேன்.

தையல்காரி தினமும் மாலையில் கடை மூடும் முன் அம்மாவுக்குப் போன் செய்வாள். நான் வேலையிலிருந்து வந்து சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. ஒரு வியாழக்கிழமை அம்மாவின் குரல் கேட்டது.

“எனக்கென்ன. நல்லா வச்சுப் பாத்துக்கறாங்க. ஒரு கொறையில்ல.” சற்று இடைவெளி. தையல்காரி ஏதோ கேட்டிருக்க வேண்டும். “எப்படி இருக்கேனா? கெடக்கேன், அது பாட்டுக்கு.”

எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருபத்தாறு வருஷம் கேட்ட சொல். அந்த ஒரு சொல்லின் பொருளை இந்த உலகத்தில் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதில் நான் ஒருத்தி. பால் பொங்கி வந்தது. அடுப்பைத் தணித்தேன். டீயை வடிகட்டி மூன்று டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். “யாரும்மா போன்ல?” என்று கேட்டேன். “தையக்காரி” என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள்.

ஒரு புதன்கிழமை பகலில், நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்தாள். சமையல்காரப் பெண் போனபோது பேசிக்கொண்டிருந்தாளாம். ஆறு மணிக்கு நான் கதவைத் திறந்தேன். கால் நீட்டியிருந்தது. மருத்துவர் இதயம் என்று எழுதினார். வயதும் அறுவையும் சேர்ந்தால் வரக்கூடியதுதான். வேறு எதையும் அவர் எழுதவில்லை, நானும் வேறு காரணம் சொல்ல மாட்டேன். ஆதாரம் இல்லாததைச் சொல்வது என் தொழிலில் வழக்கமில்லை. மூக்கு வெளுத்ததற்கும் சோதனைப் பெட்டியில் காரணம் வரவில்லை.

தெருவே வந்தது. கடைகளைச் சாத்திவிட்டு ஒரு வேன் பிடித்து வந்தார்கள். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவின் காலடியில் வெகுநேரம் நின்றார்.  தையல்காரி முகம் கழுவ வேண்டும் என்றாள். குளியலறையைக் காட்டினேன். வாசலில் நின்றாள். கழுத்திலிருந்த அளவு நாடாவை எடுத்து, கதவு நிலைக்குக் குறுக்கே பிடித்துப் பார்த்தாள்.

“எழுபத்தஞ்சு” என்றாள். “நல்ல அகலம்.”

நாடாவைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய் முகம் கழுவினாள்.

தொட்டியில் அப்போது நான்கு மீன்கள் மிச்சம். கோரி இரண்டு, ஹார்லெகுவின் ஒன்று, சிவப்பு மூக்கன் ஒன்று. மற்றவை ஒவ்வொன்றாகப் போயிருந்தன. ஒவ்வொன்றையும் அம்மா வலையில் எடுத்துப் பூந்தொட்டியில் புதைத்திருந்தாள், எங்களிடம் சொல்லாமல். மீனுக்கு ஒன்றாகப் பூந்தொட்டி மண்ணில் நட்டிருந்த தீக்குச்சிகளை அவள் போன பிறகுதான் எண்ணினேன்.

மூன்று வாரம் பார்த்தேன். தீவனம் போட்டேன். சிவப்பு மூக்கன் குழாய்க்குப் பின்னாலிருந்து வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கையும் பைகளில் போட்டு, பேருந்து ஏறி, பழைய தெருவுக்குப் போனேன். நாற்பது நிமிடம்.

முதலாளி பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஒத்தையா வச்சிருந்தியா?”

“ரெண்டா வாங்கினேன்.”

“சேராதக்கா வீட்டுத் தொட்டியில சிவப்பு மூக்கன் ஒத்தை.” யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.  அதைவிட அவர் கத்தியிருக்கலாம்.

பெரிய தொட்டியில் விடவில்லை. “வெளியேருந்து வர்றத நேரா கடைக் கூட்டத்துல விடக் கூடாது. ரெண்டு வாரம் தனியா. உங்கம்மா போட்ட சட்டம்.” பின்னறையில் தனித் தொட்டி இருந்தது. முந்தின நாள்தான் புதிதாக முப்பது சிவப்பு மூக்கன் வந்து இறங்கியிருந்தது. எல்லாம் பயணத்தில் வெளுத்து, ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றன. மற்ற மூன்றையும் வேறொரு தொட்டிக்கு ஒதுக்கிவிட்டு, மூக்கன் இருந்த பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, எங்கள் மீனை விட்டார்.

அது நேராகக் குழாய்க்குப் பின்னால் போனது. பழக்கம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கூட்டம் மெல்ல இந்தப் பக்கம் வந்தது. குழாயைக் கடந்து கண்ணாடி வரை வந்து, ஒரே உடம்பாகத் திரும்பியது. திரும்பிப் போனபோது குழாய்க்குப் பின்னால் ஒன்றுமில்லை.

நான்கு நிமிடம் பத்து விநாடி.

“எது உன்னோடதுன்னு சொல்லு பாப்போம்” என்றார் முதலாளி. தெரியவில்லை.

வெளியே வரும்போது கல்லாப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பார்த்தேன். கைப்பிடி வைத்தது, பூப்போட்ட துணியில் மெத்தை தைத்திருந்தது. கால்களுக்கு அடியில் பச்சை ரப்பர் விரிப்பு.

“இது எதுக்கு சார்?”

“தரை ஈரம்னு சொன்னியே” என்றார். “அதான் கீழ ரப்பர் வாங்கிப் போட்டேன். மெத்தை தையக்காரி தச்சது. நீ மனசு மாறுவேன்னு அவதான் சொல்லிக்கிட்டிருந்தா.”

மறுநாள் காலை நான் ஆய்வகத்தில் இருந்தபோது முதலாளி போன் செய்தார்.

“மூக்கு செவந்துருச்சும்மா. முப்பத்தொண்ணும் செவந்துருச்சு. சொல்லணும்னு தோணுச்சு.”

“சரிங்க சார்.”

“அந்தத் தொட்டிய என்ன பண்ணப் போற? வேணாம்னா கொண்டாந்து குடு, கடையில வச்சுக்கறேன். இல்ல, நல்லதா ஏதாவது எட்டு மீன் தரட்டுமா?”

அம்மாவின் நாற்காலிக்கு எதிரே அது தண்ணீரோடு நிற்கிறது. வடிகட்டி ஓடுகிறது. அம்மோனியா பூஜ்யம்.

“வேணாம் சார்” என்றேன். “அது பாட்டுக்குக் கெடக்கும்.”

 அவர் போனை வைத்துவிட்டார். அவருக்கும் அந்தச் சொல் தெரியும்.